பனிமலையில் ஹெலிகாப்டர் ஏன் உடனே வருவதில்லை?

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்ர தால் மலைப்பாதையில் 22 பேர் கொண்ட குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. குழுவில் பெரும்பாலோர் பெங்களூருவிலிருந்து போனவர்கள். ஒன்பது பேர் இறந்தனர். மற்றவர்களை விமானப்படையும் மீட்புப் படைகளும் சேர்ந்து கீழே கொண்டுவந்தன. நிலவுக்கு விண்கலம் அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு செய்தியைப் படிப்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: ஒரு ஹெலிகாப்டரை உடனே அனுப்பியிருக்கக் கூடாதா?

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தக் கேள்வி வேறொரு வடிவில் திரும்ப வருகிறது. காஷ்மீரின் குல்மர்க்கிலும் உத்தராகண்டின் ஔலியிலும் பனிச்சறுக்குப் பயிற்சிக்குச் சேரும் பெங்களூரு இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அலுவலக வேலையாக சூரிக்குக்கும் மியூனிக்குக்கும் போகிறவர்கள் வார இறுதியில் ஆல்ப்ஸ் மலையில் ஸ்கீ மாட்டிக்கொள்கிறார்கள். மகனோ மகளோ அங்கே இருக்கும்போது பனிச்சரிவுச் செய்தி வந்தால், அல்சூரிலும் ஜீவன்பீமா நகரிலும் இருக்கும் பெற்றோர் நம்புவது வானத்திலிருந்து இறங்கும் அந்த இயந்திரத்தைத்தான்.

அந்த நம்பிக்கை எங்கே நியாயமானது, எங்கே வீண் என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் அளவுகோல் போதும். சிக்கியவர் உயிரோடு இருக்கக்கூடிய நேரம் ஒன்று; ஹெலிகாப்டர் வந்து சேர ஆகும் நேரம் மற்றொன்று. முதலாவது இரண்டாவதைவிட நீண்டிருந்தால்தான் ஹெலிகாப்டர் உயிர்காக்கும்.

மூன்று விபத்துகள், மூன்று கெடுக்கள்

பனிமலை விபத்து என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன.

1. பனிச்சரிவில் புதைதல். இங்கே கெடு நிமிடக் கணக்கு.

2. பனியாற்றின் பிளவில் விழுதல். விழுந்தவர் நிலையைப் பொறுத்துக் கெடு அரை மணியிலிருந்து சில மணி நேரம்.

3. கால் முறிதல், குளிரில் விறைத்தல், வழிதவறுதல், உயரத்தால் வரும் நோய். பல மணி நேரம், சில வேளை இரண்டு மூன்று நாள்.

ஹெலிகாப்டர் உண்மையில் கைகொடுப்பது மூன்றாவது வகையில்தான். இரண்டாவதில் ஓரளவு. முதலாவதில், ஆல்ப்ஸ் போன்ற வசதியான மலையில்கூட, அது பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்கிறது. சஹஸ்ர தாலில் நடந்தது மூன்றாவது வகை. குல்மர்க்கில் அஞ்ச வேண்டியது முதல் வகை. இரண்டுக்கும் ஒரே பாடத்தைப் படிப்பதால்தான் குழப்பம்.

பனிச்சரிவு: பத்து நிமிடத்துக்குள் நடப்பவை

மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே பாளம் அல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. காற்றும் வெயிலும் குளிரும் ஒவ்வொரு அடுக்கையும் வேறு விதமாக மாற்றுகின்றன. சில அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாகவே நின்றுவிடும். அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய கனமான அடுக்கு உட்காரும்போது ஆபத்து முழுமையாகிறது. சாய்ந்த தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்த மாதிரி. பலகை எப்போது நழுவும் என்பது மேலே ஏறுகிறவரின் எடையைப் பொறுத்தது.

இப்படிப் பலகையாக நழுவும் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வில் நிகழ்கின்றன. பனிச்சறுக்கில் தேர்ந்தவர்களுக்கு மிகப் பிடித்த சாய்வும் அதுவேதான். ஸ்கீ விளையாட்டில் நடக்கும் உயிர்ச்சேத விபத்துகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சரிவைத் தூண்டிவிட்டவர் புதைந்தவரோ அவரது குழுவைச் சேர்ந்தவரோதான். மலை தானாகக் கோபித்துக்கொண்டு விழுவது அரிது.

குல்மர்க்கின் கோண்டோலா என்ற கேபிள் கார் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்கு அப்ஃபர்வத் மலையின் தோள்வரை ஏற்றிவிடுகிறது. மேல்நிலையத்தின் அருகே உள்ள பகுதியை ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அதற்கு அப்பால் இருபுறமும் விரியும் சரிவுகளுக்குக் காவல் கிடையாது. 2023 பிப்ரவரி 1 அன்று அப்ஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்ததும், அடுத்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று கிலன்மர்க் பக்கம் ரஷ்யர் ஒருவர் இறந்ததும் பனிச்சரிவில்தான். பயிற்சி பெற்ற ராணுவத்தினருக்கும் விலக்கு இல்லை: 2010 பிப்ரவரி 8 அன்று அதே கிலன்மர்க்கில் உயரமலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் மாண்டனர்.

இனி கெடுவுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, முழுவதும் புதைந்தவர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்தார்கள் என்கிறது. அரை மணி நேரமாகும்போது பிழைப்பவர்கள் பத்தில் மூன்று பேராகச் சுருங்கிவிடுகிறார்கள். கொல்வது குளிர் அல்ல, மூச்சுத் திணறல். நின்ற பனி அசையவிடாமல் இறுகிவிடுகிறது. புதைந்தவர் விடும் மூச்சின் ஈரமே முகத்தைச் சுற்றிப் பனிக்கட்டித் திரையாக உறைகிறது. முகத்துக்கு முன் சிறிது காற்றிடம் இருந்தால் இன்னும் சில நிமிடம் கிடைக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாமின் மீது பனிப்பாளம் சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தனர். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஆறு நாள் அவரை வைத்திருந்தது கூடாரத்துக்குள் சிக்கிய காற்று. திறந்த சரிவில் ஸ்கீ ஓட்டும்போது புதைகிறவருக்கு அந்தக் கூடாரம் இல்லை. அந்தச் செய்தியை வைத்து 'ஆறு நாள்கூடத் தாங்கும்' என்று எண்ணிக்கொள்வது ஆபத்தான கணக்கு.

பத்து நிமிடத்தில் எந்த நாட்டு ஹெலிகாப்டரும் வராது. ஆகவே புதைந்தவரைத் தோண்டி எடுக்கக்கூடியவர்கள் அருகில் நிற்கும் தோழர்கள் மட்டுமே. அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று கருவிகள் இருக்க வேண்டும்.

1. டிரான்ஸீவர். உடலோடு கட்டிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவி. உலகம் முழுதும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குவதால் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றைக் கண்டுபிடிக்கும். சாதாரணமாக அது சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். விபத்து நடந்ததும் மற்றவர்கள் எல்லாரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தால் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

2. மடக்குக் கம்பி. விரித்தால் இரண்டரை மீட்டர் அளவுக்கு நீளும். கருவி காட்டிய இடத்தில் குத்திப் பார்த்து ஆழத்தை அறிய.

3. உலோக மண்வெட்டி. இறுகிய பனியில் பிளாஸ்டிக் உடைந்துவிடும். கம்பி தட்டுப்பட்ட இடத்துக்கு நேர் மேலே தோண்டாமல், சரிவின் கீழ்ப்புறத்தில் சற்றுத் தள்ளித் தொடங்கி உள்நோக்கி வெட்ட வேண்டும். நேர்மேலே நின்று தோண்டினால் புதைந்தவரின் காற்றிடத்தை மிதித்து அடைத்துவிடலாம்.

பலரும் தவறவிடும் ஒன்று கைபேசி. டிரான்ஸீவரின் அருகே கைபேசியோ, சூடேற்றும் கையுறையோ, கேமராவோ இருந்தால் சைகை குழம்பும். அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டரும் தேடும் நிலையில் 50 சென்டிமீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது நடைமுறை விதி. மார்புப் பையில் கைபேசியும் அதன் அருகே டிரான்ஸீவரும் வைத்துக்கொண்டு படம் பிடித்தபடி இறங்குகிறவர்கள், வாங்கிய கருவியைத் தாங்களே செயலிழக்கச் செய்கிறார்கள்.

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுவது சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் நிறுவனமான டிஜிஆர்ஈ. 1969இல் மணாலியில் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனத்தின் இன்றைய வடிவம் அது. மாவட்ட வாரியாக வரும் அந்த எச்சரிக்கை ஒரு பெரிய பரப்புக்கானது. உங்கள் காலடியில் உள்ள சரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதைப் படிக்க உள்ளூர் வழிகாட்டி வேண்டும்; அவர் 'இன்று வேண்டாம்' என்றால் கட்டணம் கட்டியாயிற்றே என்று வாதாடாத மனமும் வேண்டும்.

பனியாறு: கேபிள் கார் கொண்டுபோய்விடும் ஆபத்து

குல்மர்க்கிலும் ஔலியிலும் ஸ்கீ ஓட்டும் சரிவுகளில் பனியாறு இல்லை. ஆகவே அங்கே பயின்றவர்களுக்குப் பனிப்பிளவு என்பது படத்தில் பார்த்த பொருளாகவே இருக்கும். ஆல்ப்ஸில் நிலைமை வேறு.

ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, மலையின் மடியில் மெல்ல நகர்வது பனியாறு. அடியில் பாறை வளையும் இடத்திலும் சரிவு செங்குத்தாகும் இடத்திலும் மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கிறது. அந்த வெடிப்புதான் பிளவு. முப்பது மீட்டர் ஆழம் சாதாரணம். கோடையில் வாய் பிளந்து தெரியும். குளிர்காலத்தில் புதுப்பனி அதன் வாயை மூடி ஒரு பாலம் போடுகிறது. பாலம் எத்தனை தடிமன் என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலையில் உறைந்து தாங்கிய பாலம் பிற்பகல் வெயிலில் இளகிப்போகும்.

சிக்கல் என்னவென்றால், இந்த இடங்களை அடைய இப்போது மலையேற வேண்டியதில்லை. பிரான்சின் சாமோனியில் ஏகுய் து மிடி கேபிள் கார் 3,842 மீட்டர் சிகரத்தருகே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பனியாற்றின் வழியே கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்கலாம்; வழிக்குறியும் இல்லை, ரோந்தும் இல்லை. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் 3,454 மீட்டர் உயரத்துக்கு ரயிலே போகிறது. நம் சுற்றுலாப் பயணிகள் குடும்பத்தோடு போகும் இடம். அங்கே குறித்த பாதைக்கு வெளியே பத்தடி வைத்தாலும் அது ஆலெட்ஷ் பனியாறு. டிக்கெட் வாங்கி வந்த இடம் என்பதால் பாதுகாப்பான இடம் என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் மலைக்கு அந்த டிக்கெட் தெரியாது.

பனியாற்றில் ஸ்கீ ஓட்டுகிறவர் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் இடுப்பில் ஹார்னெஸ் என்ற கட்டுப்பட்டை இருக்க வேண்டும். பிளவில் விழுந்தவர் ஹார்னெஸ் அணிந்திருந்தால் இறக்கிய கயிற்றை ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துவிடலாம். அணியாதவருக்கு உள்ளே ஒருவர் இறங்கித்தான் கட்ட வேண்டும்.

2. நின்று இளைப்பாறும்போது ஸ்கீயைக் கழற்றக் கூடாது. நீண்ட ஸ்கீ எடையைப் பரப்புகிறது. வெறும் பூட்ஸ் அதே எடையை ஓர் அடி நீளத்தில் குத்துகிறது. படம் எடுக்க ஸ்கீயைக் கழற்றி நான்கு அடி நடந்தவர்கள் பிளவில் விழுவது வழக்கமான விபத்து.

3. முன்னால் போன வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகக் கூடாது. பிளவின் போக்குக்கு இணையாக அல்லாமல் குறுக்காகக் கடக்க வேண்டும்; இணையாகப் போனால் குழு முழுவதும் ஒரே பாலத்தின்மேல் நின்றுவிடும்.

பிளவு கீழே போகப் போகக் குறுகும். விழுந்தவர் அந்தக் குறுகலில் ஆப்பு வைத்ததுபோல் சிக்குகிறார். உடலின் சூட்டில் சுற்றியுள்ள பனி இளகி, அவர் இன்னும் கீழே நழுவுகிறார். பிறகு அது மீண்டும் உறைகிறது. ஹெலிகாப்டர் மேலே வந்து நின்றாலும் கயிறு இறக்கித் தூக்கிவிட முடியாத நிலை இது. மீட்பவர்கள் பிளவின்மேல் முக்காலி நாட்டி, ஒருவர் தலைகீழாக இறங்கி, பனியை உடைத்து விடுவிக்க வேண்டும். ஹெலிகாப்டரின் வேலை இங்கே ஆளையும் கருவியையும் விரைவில் கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவைப் பனிச்சரிவு தாக்கியபோது இரண்டு ஆபத்துகளும் ஒன்றாகச் சேர்ந்தன: சரிந்த பனி ஆட்களை அடித்துக்கொண்டு போய்ப் பிளவுக்குள் தள்ளியது. கர்நாடகத்தைச் சேர்ந்த பயிற்சி மாணவர்கள் உட்பட 29 பேரை இழந்தோம். ஹெலிகாப்டர் அங்கே இறங்குவதற்கென்றே சுமார் 16,000 அடி உயரத்தில் தற்காலிக இறங்குதளம் அமைக்க வேண்டியிருந்தது.

ஹெலிகாப்டரின் கணக்கு

ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் தூக்கும் திறனும் குறையும். கடல்மட்டத்துக் காற்றின் அடர்த்தியை நூறு என்று வைத்துக்கொண்டால், 900 மீட்டர் உயரத்துப் பெங்களூருவில் அது ஏறக்குறைய 92. குல்மர்க் ஊரில் 77. கோண்டோலாவின் மேல்நிலையத்தில் 67. ஆறாயிரம் மீட்டரில் 54. என்ஜினும் இதே மெலிந்த காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது. ஆகவே அதன் சக்தியும் கூடவே இறங்குகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம். தரைக்கு மிக அருகே, ரோட்டார் எனப்படும் மேல்விசிறியின் விட்டத்துக்கும் குறைவான உயரத்தில் நிற்கும்போது, தள்ளிய காற்று தரையில் மோதி ஒரு மெத்தை போல உதவுவதால் குறைந்த சக்தியே போதும். சமதளத்தில் இறங்குவது அதனால்தான் எளிது. செங்குத்துச் சரிவின் மேலோ பிளவின் மேலோ நின்று வின்ச் கயிற்றை இறக்கும்போது அந்த உதவி கிடையாது. ஓர் உயரத்தில் இறங்கி ஏற முடிந்த அதே ஹெலிகாப்டர், அதே உயரத்தில் அந்தரத்தில் நின்று ஆளைத் தூக்க முடியாமல் போகலாம். 'ஹெலிகாப்டர் மேலே சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது' என்று வரும் செய்திகளில் பல இந்தக் கணக்கில் அடங்கும்.

இமயமலையில் இந்தச் சுமையை அரை நூற்றாண்டாகச் சுமப்பது பெங்களூருக்குச் சொந்தமான ஒரு பெயர்: சீட்டா. இந்தியப் படைகளின் உயரமலைத் தேவைக்காகவே 1960களின் இறுதியில் பிரான்சில் வடிவமைக்கப்பட்ட லாமா ஹெலிகாப்டரை எச்ஏஎல் விமான நிறுவனம் இங்கே உரிமம் பெற்று சீட்டா என்ற பெயரில் கட்டியது. 1972 ஜூன் 21 அன்று ழான் பூலே என்ற விமானி லாமாவில் 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார். ஆனால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டுப் பறப்பது வேறு. நோயாளியை ஏற்றுவது வேறு. சீட்டாவில் மிக உயரத்துக்குப் போகும் விமானி எரிபொருளைக் கிலோ கணக்கில் எண்ணிக் குறைத்துக்கொள்கிறார், ஒருவரையோ இருவரையோ ஏற்றுகிறார், கீழே விட்டுவிட்டு மறுபடி வருகிறார். பன்னிரண்டு பேரை மீட்பது என்றால் பலமுறை போய்வரும் வேலை. இடையில் மேகம் மூடினால் மிச்சம் இருப்பவர்கள் மறுநாளுக்கு.

சீட்டாவின் இடத்தை நிரப்ப எச்ஏஎல் உருவாக்கிய இலகுரக ஹெலிகாப்டர் சியாச்சின்வரை சோதிக்கப்பட்டது. இன்னும் பெரிய துருவ் வகை, 2025 ஜனவரியில் போர்பந்தரில் நடந்த விபத்துக்குப் பிறகு சில மாதங்கள் முழுதாகத் தரையில் நிறுத்தப்பட்டது. ஒரு வகை நின்றுபோனால் மலை மாநிலங்களில் மீட்புத் திறனே சுருங்கிவிடும் என்பதைச் செய்தி வாசிப்பவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பிறகு வானிலை. பனிமேல் இறங்கும்போது ரோட்டார் காற்றில் புதுப்பனி எழும்பி நான்கு புறமும் வெண்மையாகிவிடும். மேல் எது, கீழ் எது என்று விமானிக்குத் தெரியாது. மேகமூட்ட வெளிச்சத்தில் நிழலே விழாததால் சரிவின் சாய்வும் தெரியாது. ஆகவேதான் கீழே நிற்பவர்கள் பனியை மிதித்துக் கெட்டியாக்குவதும், கருநிறப் பை ஒன்றை அடையாளத்துக்கு வைப்பதும் பெரிய உதவி. மலைமுகட்டின் மறுபுறம் காற்று கீழ்நோக்கி அமுக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்குகளில் மேகம் ஏறும். 2025 ஜூன் 15 அன்று கேதார்நாத் அருகே யாத்ரிகர்களோடு விழுந்த ஹெலிகாப்டரில் ஏழு பேர் இறந்தார்கள்; அந்தப் பள்ளத்தாக்கு அடிக்கடி இப்படி நினைவூட்டுகிறது.

ஆல்ப்ஸில் மட்டும் எப்படி முடிகிறது?

1946 நவம்பரில் அமெரிக்க ராணுவ டகோட்டா விமானம் ஒன்று சுவிட்சர்லாந்தின் கௌலி பனியாற்றில் 3,350 மீட்டர் உயரத்தில் மோதி நின்றது. உள்ளே இருந்த பன்னிரண்டு பேரும் பிழைத்திருந்தனர். சக்கரத்தில் பனிச்சறுக்குப் பட்டை மாட்டிய இரண்டு சிறு விமானங்களில் சுவிஸ் விமானிகள் பனியாற்றிலேயே இறங்கி அவர்களை மாறி மாறிக் கொண்டுவந்தார்கள். மலைமீட்பில் விமானத்துக்கு இடம் உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது அதிலிருந்துதான். 1952இல் சுவிஸ் வான்மீட்புச் சேவை தொடங்கியது. இன்று அது ரேகா என்று அழைக்கப்படுகிறது.

பிரான்ஸ் கற்றுக்கொண்ட விதம் கொடியது. 1956 டிசம்பரில் ழான் வான்சாந்தோன், பிரான்சுவா ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்கள் மோன் பிளாங்கில் புயலில் சிக்கினர். அவர்களை எடுக்கப்போன ராணுவ ஹெலிகாப்டரே பனியில் விழுந்து நொறுங்கியது. கடைசியில் விமானிகளை மீட்டார்கள். அந்த இருவரும் மலையிலேயே விடப்பட்டு இறந்தார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்த அவலத்துக்குப் பிறகு 1958இல் மலைமீட்பு அரசின் பொறுப்பாயிற்று. தொண்டர்கள் ஒரு பக்கமும் ராணுவம் மறுபக்கமும் யார் பொறுப்பு என்று தெரியாமல் நாள்களை இழந்ததுதான் அங்கே கொன்றது என்பது என் முடிவு. இயந்திரக் கோளாறு அதற்கு அடுத்தது.

இன்று ரேகாவின் தளங்களிலிருந்து சுவிட்சர்லாந்தின் எந்த மூலைக்கும், வாலே மாநிலம் நீங்கலாக, கால் மணி நேரப் பறப்பில் போய்விடலாம். வாலேயில் ஏர் செர்மாட் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. மருத்துவர் ஹெலிகாப்டரிலேயே வருகிறார். வின்ச் கயிறு 90 மீட்டர். அழைக்க வேண்டிய எண் 1414. ஆனால் அங்கே பெரும்பாலான வேலை 4,000 மீட்டருக்குக் கீழே. நாட்டின் பரப்பு உத்தராகண்டைவிடச் சிறியது. பள்ளத்தாக்குதோறும் சாலையும் மருத்துவமனையும் கைபேசிக் கோபுரமும் உண்டு. அந்த நாட்டை வைத்து இமயமலையை அளப்பது நியாயமில்லை. அப்படியிருந்தும் அங்கேயே பனிச்சரிவில் பத்து நிமிடக் கெடுவை ஹெலிகாப்டர் வெல்வதில்லை.

இமயமலையில் தாமதம் எங்கே நிகழ்கிறது?

பறக்கும் நேரத்தைவிட அதற்கு முன் போகும் நேரம்தான் இங்கே பெரிது.

முதல் தாமதம் செய்தி. சஹஸ்ர தால் போன்ற பாதைகளில் கைபேசித் தொடர்பு இல்லை; யாராவது தொடர்பு கிடைக்கும் இடம்வரை நடந்து இறங்கிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மலையேறிகள் சாதாரணமாக வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியும் செய்திக் கருவியும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. தெரியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பதிவுபெற்ற மலையேற்ற நிறுவனங்களுக்கு எளிய உரிமம் கிடைக்க வழிசெய்யாதவரை, வழிகாட்டியின் கால்வேகமே நம் அவசரத் தொடர்பின் வேகம்.

இரண்டாவது தாமதம் கோரிக்கை. 112 எண்ணுக்கு வரும் அழைப்பு மாவட்ட நிர்வாகத்துக்குப் போகிறது. மாநிலப் பேரிடர் மீட்புப் படை நடந்து கிளம்புகிறது. உயரம் அதிகம் என்றால் மாநில அரசு விமானப்படையைக் கேட்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் 'சரியான இடம் எது' என்று கேட்பார். அதற்கு விடை இல்லாவிட்டால் அடுத்த படி நகராது.

மூன்றாவது, தேடல். 2024 அக்டோபரில் சௌகம்பா மலையில் 6,000 மீட்டருக்கு மேல் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் சிக்கினார்கள். அவசரச் செய்தியை அனுப்பவும் முடிந்தது. ஆனாலும் தேடிப்போன ஹெலிகாப்டர்களின் கண்ணில் அவர்கள் உடனே படவில்லை. மலையேறி வந்த பிரெஞ்சுக் குழு ஒன்று அவர்களைச் சென்றடைந்த பிறகே அக்டோபர் 6 அன்று விமானப்படை தூக்கிவந்தது. அத்தனை பெரிய மலையில் இரண்டு மனிதர் இரண்டு புள்ளி.

ஆகவே பெங்களூருவிலிருந்து குழுவோடு கிளம்புகிறவர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது 'ஹெலிகாப்டர் ஏற்பாடு உண்டா' என்று அல்ல. அந்தக் கேள்விக்கு எல்லாரும் 'உண்டு' என்றுதான் சொல்வார்கள். எந்த முகாமிலிருந்து கைபேசியோ வயர்லெஸ்ஸோ எட்டும், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் கீழே இருப்பவர் யாரை அழைப்பார், வானிலை மோசமானால் திரும்பும் முடிவை யார் எடுப்பார் என்று கேளுங்கள்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டால்

1. இரண்டு கைகளையும் மேலே விரித்தால் 'உதவி வேண்டும்'. ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகச் சாய்த்தால் 'வேண்டாம்'. ஹெலிகாப்டரைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒற்றைக் கையை ஆட்டினால் விமானி குழம்புவார்.

2. தொப்பி, பாய், பை எல்லாவற்றையும் கட்டுங்கள். ஸ்கீயையும் கோல்களையும் பனியில் நட்டு வைக்காமல் படுக்கவைத்து அழுத்திப் பிடியுங்கள்.

3. மண்டியிட்டு ஒரே இடத்தில் இருங்கள். நீங்கள் அசையாமல் இருந்தால் விமானி உங்களையே தன் அடையாளப் புள்ளியாக வைத்துக்கொள்வார்.

4. அழைக்கும்வரை நெருங்கக் கூடாது. நெருங்கும்போது முன்புறமாக, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து. மேல்பக்கத்திலிருந்து இறங்கி ஓடினால் சுழலும் ரோட்டார் தலைமட்டத்தில் இருக்கும்.

5. வின்ச் கொக்கி தரையைத் தொடும்வரை கை வைக்காதீர்கள். அதில் மின்னேற்றம் இருக்கும்.

தொடர்பு எதுவும் இல்லாதபோது ஆல்ப்ஸ் முழுதும் அறிந்த சைகை ஒன்று உண்டு: விளக்கோ விசிலோ, ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. பதில் மூன்று முறையாக வரும்.

கடைசியில் பில்

பிரான்சில் மலைமீட்பு அரசு செலவு. ஆனால் ஸ்கீ மையத்தின் எல்லைக்குள் நடந்தால் கட்டணம் உண்டு. சுவிட்சர்லாந்தில் மீட்கப்பட்டவரின் பெயருக்குப் பில் வரும். ஷெங்கன் விசாவுக்காக நாம் எடுக்கும் காப்பீடு 30,000 யூரோ மருத்துவச் செலவு என்ற குறைந்தபட்ச விதியை நிறைவேற்றுவதற்கானது. அதன் விதிவிலக்குப் பட்டியலில் குளிர்கால விளையாட்டு இருக்கிறதா, குறித்த பாதைக்கு வெளியே ஸ்கீ ஓட்டினால் செல்லுமா, 'தேடுதலும் மீட்பும்' என்ற செலவு மருத்துவச் செலவிலிருந்து தனியாக ஏற்கப்படுகிறதா, உயர வரம்பு உண்டா என்ற நான்கையும் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பயணக் காப்பீட்டிலும் இதே நான்கு கேள்விதான். முகவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது, மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.